பதவியைத் துறந்த படைத்தலைவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பாட்டிற்கும் நாடகத்திற்கும் இடையே ஒரு சொற்பொழிவு என்பது நம் ஆண்டு விழாவின் மரபாகிவிட்டது. வேடம் புனைந்த குழந்தைகள் திரைக்குப் பின்னே பொறுமையிழந்து நிற்கின்றார்கள் என்பதை யாம் அறிவோம். ஆயினும் செயலாளர் அவர்கள் அளித்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வதாகவே எண்ணியுள்ளோம். எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் அவர்களின் வாழ்வைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

வாஷிங்டன் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது ஒரு செர்ரி மரம். தந்தை அருமையாக வளர்த்த மரத்தைச் சிறுவன் கோடரியால் வெட்டினான். கேட்டபோது மறைக்காமல் ஒப்புக்கொண்டான். தந்தை கட்டித் தழுவிக்கொண்டார். இக்கதையைப் பள்ளியிற் படித்தோம். நம் பிள்ளைகளுக்கும் சொன்னோம். அது நடந்ததற்குச் சான்று ஏதும் இல்லை. மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிய வரலாற்று நூலில், வாஷிங்டன் மறைந்த பிறகு, 1806-ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அது முதன்முதலாகத் தலைகாட்டிற்று. வாய்மையைக் கற்பிப்பதற்காக ஒரு பொய்யைப் புனைந்தார் அந்த நல்லவர்! மரத்தாற் செய்த பற்களைக் கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த கதையே. பல்லைப் பற்றிய உண்மை வேறு; அதற்குப் பின்னர் வருவோம்.

கதைகளை ஒதுக்கிவிட்டு மனிதரைப் பார்த்தால், அவரிடம் வியக்கத்தக்க செயல் ஒன்று தென்படுகின்றது. வருந்தத்தக்க செயல் ஒன்றும் தென்படுகின்றது. இரண்டையும் சேர்த்தே இங்குச் சொல்ல வந்துள்ளோம்.

1732-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள், அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த வர்ஜீனியாவில் அவர் பிறந்தார். புகையிலை பயிரிடும் நிலக்கிழார் குடும்பம். பதினொரு வயதிலே தந்தையை இழந்தார். மூத்த தாரத்துப் பிள்ளைகளான அண்ணன்மார் இங்கிலாந்து சென்று கற்றவர்கள். இவருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. கல்லூரி வாயிலை மிதித்தவரும் அல்லர். நில அளவைத் தொழிலைக் கற்று, பதினேழு வயதிலே ஒரு மாவட்டத்தின் நில அளவையாளராக அமர்த்தப்பெற்றார். காடு மேடுகளிற் சங்கிலி பிடித்து நடந்த பயிற்சி, பின்னாளிற் படை நடத்தக் கைகொடுத்தது. அண்ணன் லாரன்சு 1752-இல் என்புருக்கி நோயால் மறைந்தார். போடோமாக் ஆற்றங்கரையில் அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் என்னும் பண்ணை, சில ஆண்டுகளில் தம்பியின் கைக்கு வந்தது.

போர்க்களத்தில் அவருடைய தொடக்கம் புகழுக்குரியதன்று. 1754-ஆம் ஆண்டு மே மாதம், இருபத்திரண்டு வயதில், ஒகையோ ஆற்றுப் பக்கத்துக் காட்டில் ஒரு சிறு பிரெஞ்சுக் கூட்டத்தைத் தாக்கினார். அதன் தலைவரான ஜுமான்வீல் உயிரிழந்தார். பிரெஞ்சுக்காரர் பழிவாங்க வந்தனர். அவசரத்தில் எழுப்பிய மரக்கோட்டை ஒன்றினுள் வாஷிங்டன் சிக்கினார். ஜூலை 3-ஆம் நாள், கொட்டும் மழையிலே சரணடைந்தார். அன்றிரவு அவர் கையொப்பமிட்ட தாள் பிரெஞ்சு மொழியில் இருந்தது; அவருக்கோ அம்மொழி தெரியாது. ஜுமான்வீலைத் தாம் வஞ்சகமாகக் கொன்றதாக ஒப்புக்கொள்ளும் சொல் அதனுள் இருந்தது! தெரியாத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிடுவதன் இடரை, வேற்று மாநிலத்தில் வாழும் நாம் நன்கறிவோம்.

அந்தக் காட்டிலே வெடித்த துப்பாக்கி ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே பெரும் போராக மூண்டு, ஏழாண்டுப் போர் என்னும் பெயரால் உலகின் பல பகுதிகளிற் பரவிற்று. நம் தமிழகத்து வந்தவாசியில் 1760-ஆம் ஆண்டு சனவரியில் நிகழ்ந்த போரும் அதன் ஒரு பகுதியே. ஒகையோக் காட்டின் பொறி தொண்டை மண்டலத்து வயல்வெளி வரையில் வந்து சுட்டதென்றால், அந்நூற்றாண்டின் அரசியல் எத்தகையது என்பது விளங்கும்.

மறு ஆண்டு, பிராடக் என்னும் ஆங்கிலப் படைத்தலைவரோடு சென்றார். அப்படை காட்டிடையே சிதறடிக்கப்பட்டது. பிராடக் காயமுற்று மாண்டார். வாஷிங்டன் ஏறியிருந்த குதிரைகள் இரண்டு சுடப்பட்டு வீழ்ந்தன. அவருடைய மேலங்கியை நான்கு குண்டுகள் துளைத்தன. உடலில் ஒரு கீறலும் இல்லை. வீரர் எனப் பெயர் பெற்றார். ஆயினும் அவர் பெரிதும் விரும்பிய ஒன்று கிட்டவில்லை. ஆங்கில மன்னரின் நிலைப்படையில் அதிகாரி பதவி வேண்டினார். குடியேற்ற நாட்டவர் என்பதனால் அது மறுக்கப்பட்டது. அந்தப் பதவி கிடைத்திருந்தால் வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு.

1759-இல் மார்த்தா கஸ்டிஸ் என்ற செல்வமிக்க கைம்பெண்ணை மணந்தார். அவருக்கு முன்னரே இரு குழந்தைகள். வாஷிங்டனுக்குத் தம் வயிற்றுப் பிள்ளை இல்லை. பதினாறு ஆண்டுகள் பண்ணையார் வாழ்வு. இதற்கிடையே தாய்நாட்டு ஆங்கிலேயர் விதித்த வரிகளாற் குடியேற்ற நாடுகள் கொதித்தன. 1773-இல் பாஸ்டன் துறைமுகத்திற் கடலில் எறியப்பட்ட 342 பெட்டித் தேயிலை, நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியாருடைய சரக்கு என்பதை மட்டும் சொல்லி மேற்செல்வோம்.

1775-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், பதின்மூன்று குடியேற்ற நாடுகளின் பேரவை அவரைப் படைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தது. ஊதியம் வேண்டா, செலவுக் கணக்கை மட்டும் எழுதித் தருவேன் என்றார்.

எட்டாண்டுகள் நடந்த அப்போரில் அவர் வென்ற களங்களைவிடத் தோற்ற களங்களே மிகுதி. 1776-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் முறியடிக்கப்பட்டார். அங்கு அவர் காட்டிய திறமை பின்வாங்கியதிலேதான் விளங்கிற்று. ஓரிரவில், விடியற்கால மூடுபனியின் துணையோடு, ஒன்பதாயிரம் பேரைப் பகைவர் அறியாவண்ணம் ஆற்றைக் கடத்திவிட்டார். ஊர் ஊராக ஓடி, படை கரைந்து, வீரர்களின் ஒப்பந்தக் காலமும் ஆண்டிறுதியில் முடியவிருந்த வேளையில், திசம்பர் 25-ஆம் நாள் இரவு, பனிப்பாளங்கள் மிதந்து வந்த டெலவேர் ஆற்றை 2,400 பேரோடு கடந்தார். விடிந்ததும் டிரென்டன் என்னும் ஊரிலிருந்த ஜெர்மானியக் கூலிப்படையைத் தாக்கி ஏறத்தாழ 900 பேரைச் சிறைப்பிடித்தார். இது சிறு வெற்றிதான். ஆனால் போர் அன்றோடு முடிந்துவிடாமற் காத்தது.

1777-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வேலி போர்ஜ் என்னுமிடத்திற் படை தங்கிற்று. அங்கே ஒரு போரும் நடவாமலே நோயினால் மட்டும் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். காலுக்குச் செருப்பில்லை, பல நாள் இறைச்சியில்லை. இங்கு ஒன்றைச் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். இளமையிற் பார்படோஸ் தீவுக்குச் சென்றிருந்தபோது வாஷிங்டனுக்குப் பெரியம்மை கண்டிருந்தது. அந்நோயின் கொடுமையைத் தம் உடம்பால் உணர்ந்தவராதலின், 1777-இல் படையினர்க்கெல்லாம் அம்மை குத்தும்படி ஆணையிட்டார். ஜென்னரின் பசுவம்மை முறை வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முந்திய செய்தி இது. குத்துவதாலேயே சிலர் மாளக்கூடும் என்ற அச்சம் இருந்த காலம். அவர் பெற்ற வெற்றிகளுள் இதனையும் ஒன்றாக எண்ணுவார் உளர். யாமும் அக்கருத்துடையோம்.

பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் துணைக்கு வந்தனர். 1781-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், யார்க்டவுன் என்னுமிடத்தில், நிலத்தை வாஷிங்டனும் ரோஷாம்போவும், கடலைப் பிரெஞ்சுக் கப்பற்படையும் வளைத்துக்கொள்ள, ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். உடல்நலமில்லை என்று சொல்லித் தாம் வராது தம் துணைத்தலைவரை அனுப்பினார். வாஷிங்டனும் தாமே முன்செல்லாது, தம் துணைத்தலைவரிடம் சரணடையுமாறு கைகாட்டினார். படைமரபு அத்தனை நுட்பமானது!

கார்ன்வாலிஸ் என்ற பெயர் நமக்கு அயலானதன்று. அங்கே தோற்ற அவரையே 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக அனுப்பினார்கள். 1792-இல் திப்பு சுல்தானைப் பணியவைத்து, அவர் மைந்தர் இருவரைப் பிணையாகப் பெற்றவர் இவரே. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இவருடைய சிலை நிற்கின்றது. அதன் பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்வோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். இரண்டாம் முறை இந்தியா வந்த அவர், 1805-இல் காசிக்கு அப்பால் காஜிப்பூரில் மறைந்தார். கல்லறையும் அங்கேயே உள்ளது. பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவுக்குத் துணைநின்றதனால் மூண்ட போர் நம் கடலூர் வரை வந்தது. 1783-ஆம் ஆண்டு ஜூனில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவிற் சமாதானம் ஆயிற்று என்ற செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது. அதன் பின்னரே துப்பாக்கிகள் ஓய்ந்தன.

யார்க்டவுனோடு போர் முடிந்தது போலத்தான். ஆனால் யாம் வியந்து சொல்ல வந்த நிகழ்ச்சி அதற்குப் பின்னரே உள்ளது.

படையினர்க்கு நெடுநாளாக ஊதியம் இல்லை. பேரவையிடம் பணமும் இல்லை, வரி விதிக்கும் உரிமையும் இல்லை. 1782-ஆம் ஆண்டு மே மாதம், லூயிஸ் நிக்கோலா என்ற படை அதிகாரி, தாங்களே மன்னர் ஆகலாமே என்னும் பொருள்பட அவருக்கு மடல் விடுத்தார். வாஷிங்டன் அன்றே மிகக் கடுமையாக மறுமொழி எழுதி, அவ்வெண்ணத்தை உள்ளத்திலிருந்தே அகற்றுமாறு பணித்தார்.

அடுத்த ஆண்டு நிலை முற்றிற்று. நியூபர்க் என்னும் ஊரிலிருந்த பாசறையிற் பெயரில்லாத சுற்றுமடல் ஒன்று உலவிற்று. பேரவை பணம் தராவிட்டால் ஆயுதங்களைக் கீழே வைக்க வேண்டா என்பது அதன் சாரம். படை, ஆட்சிமன்றத்தின்மேற் பாய்வதற்கு ஒரு விரற்கடையே இருந்தது. மார்ச் 15-ஆம் நாள் அதிகாரிகள் கூடிய மண்டபத்தினுள், எதிர்பாராத வகையில் வாஷிங்டன் நுழைந்தார். எழுதி வந்த உரையைப் படித்தார். முகங்கள் இளகவில்லை. பின்னர்ப் பேரவை உறுப்பினர் ஒருவரின் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படிக்கத் தொடங்கினார். எழுத்து தெரியவில்லை, தடுமாறினார். மெல்ல ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி அணிந்து அங்கிருந்தோர் பெரும்பாலோர் பார்த்ததில்லை. உங்களுக்காக உழைத்து என் தலை நரைத்தது, இப்போது கண்ணும் மங்கிவருகிறது, பொறுத்தருளுங்கள் என்னும் கருத்தில் ஓரிரு சொற் சொன்னார். போர்க்களம் கண்ட வீரர்கள் கண்ணீர் விட்டார்களாம். கடிதத்தை முடித்துவிட்டு வெளியேறினார். கலகம் அங்கேயே மடிந்தது. இதனைத் திட்டமிட்ட நடிப்பென்று கூறுவாரும் உண்டு. நடிப்பாகவே இருக்கட்டும், ஒரு படையை ஒரு மூக்குக்கண்ணாடியால் அடக்கிய நடிப்பு வேறெங்கேனும் உண்டோ?

அவ்வாண்டு திசம்பர் 23-ஆம் நாள், அன்னாபொலிஸ் நகரில் இருபது பேரளவே கூடியிருந்த பேரவையின் முன் வந்து நின்றார். உறுப்பினர்கள் தலையில் தொப்பியோடு அமர்ந்திருந்தனர். படைத்தலைவர் குனிந்து வணங்கினார்; அவர்கள் தொப்பியை மட்டும் சற்றே உயர்த்தினர்; குனியவில்லை. மக்கள் மன்றம் மேல், படை கீழ் என்பதைக் காட்டுவதற்காகவே அவ்வாறு வகுத்திருந்தார்கள். உரையை ஏந்திய அவர் கை நடுங்கிற்று. 1775-இல் தமக்களித்த பதவி ஆணையை அங்கியிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் இரவுக்குள் தம் வீடு போய்ச் சேர்ந்தார். இவர் இப்படிச் செய்யப்போவதாக முன்னரே கேள்விப்பட்ட ஆங்கில மன்னர் மூன்றாம் ஜார்ஜ், அது மெய்யானால் அவரே உலகிற் பெரிய மனிதர் என்றாராம்.

வென்ற படையைக் கையில் வைத்திருந்தவர் வீடு திரும்புவது அத்துணை அரிது. பின்னாளில் நெப்போலியன் திரும்பவில்லை. கிராம்வெல் முன்னரே திரும்பவில்லை. அவ்வளவு பெரிய எடுத்துக்காட்டு எதற்கு? நம் சங்கத்திற் பதவியேற்க ஆள் கிடைப்பதரிது. ஏற்றவர் விடுவது அதனினும் அரிது. தலைவர் அவர்கள் பொறுத்தருள்வார்களாக.

1787-இல் அரசியலமைப்பு வகுத்த மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்; பேசியது மிகக் குறைவு. 1789-இல் தேர்வாளர் 69 பேரும் அவருக்கே வாக்களித்தனர். பதவியேற்க நியூயார்க் செல்லக் கடன் வாங்கினார். ஏப்ரல் 30-ஆம் நாள் பதவியேற்றபோது அணிந்திருந்த உடை, உள்நாட்டில் நெய்த பழுப்புத் துணி. கதரின் பொருளறிந்த நமக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. அவரை எவ்வாறு விளிப்பது என்று மேலவையினர் வாரக்கணக்கில் வாதிட்டனர். மாட்சிமை, மேன்மை என்றெல்லாம் சொல்லடுக்கினர். முடிவில் ‘திரு. குடியரசுத் தலைவர்’ என்ற எளிய விளியே நின்றது. ஜெபர்சன், ஆமில்டன் என்னும் ஒத்துப்போகாத இருவரை ஒரே அமைச்சரவையில் வைத்து ஆண்டது பெரிய பாடு. அந்த எட்டாண்டுகளைப் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு வேண்டும். இரண்டாம் முறையும் ஒருமனதாகத் தேர்ந்தனர். மூன்றாம் முறைக்குத் தாம் நிற்பதில்லை என 1796-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் செய்தித்தாள் வாயிலாக நாட்டிற்கு அறிவித்தார். இரு முறைக்குமேல் வேண்டா என்னும் அவ்வழக்கம் 1940 வரை மீறப்படவில்லை. 1951-இல் சட்டமாகவே ஆயிற்று.

அதே 1796-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த ஒன்றையும் இனிச் சொல்ல வேண்டும்.

பதினொரு வயதில் தந்தையின் சொத்தாக வாஷிங்டனுக்கு வந்தவற்றுள் பத்து அடிமைகளும் இருந்தனர். அவர் இறந்த ஆண்டில் மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள். நாம் குறிப்பிட்ட பல்லின் செய்தி இதுதான்: அவருடைய கட்டுப்பற்களில் யானைத்தந்தமும் விலங்கின் பல்லும் மனிதப் பல்லும் இருந்தன, கறுப்பினத்தவரிடம் ஒன்பது பற்கள் வாங்கியமைக்கான தொகை 1784-ஆம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டுள்ளது.

குடியரசின் தலைநகர் பிலடெல்பியாவுக்கு மாறியிருந்த காலம். ஆறு திங்கள் தொடர்ந்து அங்கே வாழ்ந்த அடிமை விடுதலை கோரலாம் என்பது அம்மாநிலச் சட்டம். ஆதலால், ஆறு திங்கள் நிறையுமுன் தம் அடிமைகளை எல்லை கடத்தி மீண்டும் அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார் குடியரசுத் தலைவர். மார்த்தா அம்மையாரின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ், இருபத்திரண்டு வயதளவினள். அம்மையாரின் பேர்த்திக்குத் திருமணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்பதை அறிந்தாள். மே 21-ஆம் நாள், குடும்பத்தார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் சென்றுவிட்டாள். பிடித்துத் தருவோர்க்குப் பத்து டாலர் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்தது.

அரசின் சுங்க அதிகாரி ஒருவர் அவளைக் கண்டுபிடித்துப் பேசினார். தலைவரும் அம்மையாரும் மறைந்தபின் விடுதலை தருவதாக உறுதியளித்தால் திரும்புவேன் என்றாள். வாஷிங்டன் உடன்படவில்லை. உண்மையில்லாமைக்குப் பரிசளித்தது போலாகும், மற்றவர்க்கு அது தீய வழிகாட்டும் என்னும் கருத்தில் எழுதினார். செப்டம்பரில் ஆட்சியை விட்டுச் செல்வதாக அறிவித்த அதே கை, நவம்பரில் அந்தக் கடிதத்தை எழுதிற்று. அவள் திரும்பவேயில்லை. பின்னும் ஒரு முறை ஆள் அனுப்பினார்; அப்போதும் அகப்படவில்லை.

அந்நாளின் வழக்கம் அது என்று சொல்லித் தப்பிக்க நாம் முயலலாம். ஆனால் அவர் மனத்தில் அது உறுத்திக்கொண்டிருந்தது என்பதற்கு அவரே சான்று வைத்துள்ளார். 1799-ஆம் ஆண்டு ஜூலையில் தம் கைப்பட ஓர் உயில் எழுதினார். தமக்கு உரிய 123 அடிமைகளும் தம் மனைவியின் காலத்திற்குப் பின் விடுதலை பெறுவர். முதியோர்க்கு உணவும் உடையும் தருக. பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்பிக்க என்றெல்லாம் விரிவாக எழுதினார். போர்க்காலம் முழுதும் உடனிருந்த வில்லியம் லீ என்பவருக்கு மட்டும் உடனே விடுதலையும் ஆண்டுக்கு முப்பது டாலரும் அளித்தார். நாட்டை நிறுவிய முன்னவருள் அடிமை வைத்திருந்த குடியரசுத் தலைவர் பிறர் இவ்வளவும் செய்தாரில்லை. எனினும், அன்னாபொலிசில் உயிரோடு நின்று ஒரே நாளிற் செய்ததை, இங்கே இறந்தபின் செய்யுமாறு எழுதிவைத்தார். இந்த வேற்றுமையை எம்மால் விழுங்க இயலவில்லை.

அவ்வாண்டு திசம்பர் 12-ஆம் நாள் பனியிலும் மழையிலும் குதிரைமேற் பண்ணையைச் சுற்றிவந்தார். தொண்டை வீங்கிற்று. மருத்துவர்கள் அக்கால முறைப்படி நான்கு முறை குருதி வடித்தனர். 14-ஆம் நாள் இரவு உயிர் பிரிந்தது. மார்த்தா அம்மையார் தம் காலம் முடியும்வரை காத்திராமல், 1801-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளே கணவரின் அடிமைகளை விடுவித்தார். அம்மையாரின் முதற் கணவர் வழியில் வந்த 153 பேருக்கு விடுதலை இல்லை. சட்டப்படி அவர்கள் கஸ்டிஸ் குடும்பத்தின் வாரிசுகளுக்குச் சேர்ந்தனர். இரு பண்ணைக்காரர்க்கும் ஆட்பட்டோர் தங்களுக்குள் மணந்திருந்தனர்; கணவன் விடுதலை பெற, மனைவி மக்கள் பங்கு பிரிக்கப்பட்டனர்.

ஓனா ஜட்ஜ் 1848 வரை வாழ்ந்தார். சட்டத்தின் கண்ணுக்கு அவர் இறுதிவரை ஓடிப்போன அடிமையே. முதுமையிற் செய்தித்தாளினர் கண்டு பேசியபோது, ஓடிவந்து வறுமையில் உழன்றதற்காக வருந்துகிறீரா என்று கேட்டனர். இல்லை என்றார்.

மவுண்ட் வெர்னன் இன்று மக்கள் திரளாகச் சென்று காணும் இடம். வாஷிங்டன் இணையரின் கல்லறையிலிருந்து சிறிது தொலைவில், மரங்கள் அடர்ந்த மேட்டில், அடிமைகளைப் புதைத்த நிலம் உள்ளது. பெயர் பொறித்த கல் ஒன்றும் அங்கில்லை. 1929-இல் சிறு நினைவுக் கல்லொன்று பதித்தார்கள். 1983-இல் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர் வரைந்த அமைப்பின்படி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அண்மைக் காலத்தில் தொல்லியலார் ஒவ்வொரு குழியின் எல்லையையும், எலும்பைத் தொடாமல், மண்ணின் நிறவேறுபாட்டைக் கொண்டு அளந்து குறித்துவருகின்றனர். இளமையில் நிலம் அளந்தவரின் பண்ணையில் அந்த அளவை இப்போது நடந்துவருகின்றது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றார்.  குழந்தைகள் மேடைக்கு வரலாம்.